பணிய மறுக்கும் உடல்

யாரையும் அடிக்காமல், யாரையும் மிரட்டாமல், சொன்னதைச் செய்ய மறுத்து நிற்கும் ஒருவர் மீது அரசு எவ்வளவு பலத்தைப் பிரயோகிக்கலாம் என்பது பழைய கேள்வி. மின்னதிர்ச்சித் துப்பாக்கி புழக்கத்துக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி புதிய கூர்மை பெற்றிருக்கிறது. குண்டாந்தடி எலும்பை முறிக்கும், துப்பாக்கி உயிரை எடுக்கும். இரண்டையும் தூக்கும் கை கொஞ்சமாவது தயங்கும். ஐந்து விநாடி வலியைக் கொடுத்துவிட்டுப் பெரிய தழும்பு எதுவும் வைக்காமல் போகும் கருவியைத் தூக்கும் கைக்கு அந்தத் தயக்கம் குறைவு. அப்படியானால் குறைந்தது வன்முறையா, வன்முறைக்கு இருந்த தடையா? சமய நூல்கள் குற்றத்தையும் தண்டனையையும் பற்றி விரிவாகப் பேசுகின்றன. குற்றம் எதுவும் செய்யாமல் வெறுமனே மறுப்பவரைப் பற்றி அவை பேசும் இடங்கள் சிலவே. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு அந்தச் சில இடங்களைத் திரும்ப வாசிக்க வைக்கிறது.

டேசர் என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படும் இக்கருவி இரண்டு விதமாக வேலை செய்யும். முதல் விதத்தில், அழுத்தி அடைத்த நைதரசன் வாயு இரண்டு சிறு முட்களைச் சில மீற்றர் தூரம் எய்கிறது. முட்களோடு மெல்லிய கம்பிகள் செல்லும். முட்கள் உடையிலோ தோலிலோ பதிந்ததும் மின்துடிப்புகள் பாய்ந்து, இரண்டு முட்களுக்கும் இடைப்பட்ட தசைகள் இறுக, ஆள் சாய்ந்துவிடுகிறார். விசையை ஒருமுறை அழுத்தினால் வழக்கமாக 5 விநாடி. 50,000 வோல்ட் என்று சொல்லப்படும் எண், மின்சாரம் காற்று இடைவெளியைத் தாண்டுவதற்கான உச்ச அழுத்தம். உடலுக்குள் இறங்குவது அதைவிட மிகக் குறைவு. இரண்டாவது விதத்தில் முட்கள் இல்லை. கருவியின் முனையை நேரே உடலில் வைத்து அழுத்துவார்கள். முனைகள் இரண்டும் நெருங்கி இருப்பதால் ஆள் செயலிழப்பதில்லை, வலி மட்டுமே மிஞ்சும். கத்தியோடு பாய்ந்து வருபவரை நிறுத்த முதல் விதம் உதவலாம். இரண்டாவது விதத்துக்கு வலியைக் கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அறநெறி விவாதத்தில் பாதி இந்தத் தொழில்நுட்ப வேறுபாட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

2006 நவம்பர் 14 இரவு, லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பவல் நூலகத்தில் ஒரு மாணவர் தமது அடையாள அட்டையைக் காட்ட மறுத்தார். பல்கலைக்கழகப் பொலிஸார் வந்தனர். அவரை வெளியே கொண்டுபோக முயன்றபோது அவர் உடலைத் தளரவிட்டுத் தரையில் சாய்ந்தார். எழுந்து நில் என்ற உத்தரவும் மின்னதிர்ச்சியும் மாறி மாறி வந்தன. சுற்றி நின்ற மாணவர்கள் எடுத்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது. மறு ஆண்டு வெளியான சுயாதீன விசாரணை அறிக்கை, அந்தப் பலப்பிரயோகம் பல்கலைக்கழகப் பொலிஸின் சொந்த விதிகளுக்கே முரணானது என்று முடிவு கூறியது. 2011 இல் வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் ஊரில் நடந்தது இன்னும் கொடியது. மனநலச் சிகிச்சைக்காக மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து வெளியேறிய ஒருவர் வீதியோரக் கம்பம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விட மறுத்தார். கம்பத்திலிருந்து அவரைப் பிரிக்கப் பொலிஸார் ஐந்து முறை கருவியை உடலில் வைத்து அழுத்தினர். கைவிலங்கு மாட்டப்பட்ட சிறிது நேரத்தில் அவர் இறந்தார். 2016 இல் அந்த வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே இக்கருவியைப் பயன்படுத்தலாம், பணிய மறுப்பது தன்னளவில் ஆபத்தாகாது என்று தீர்ப்பளித்தது. சம்பவத்தின்போது சட்டம் தெளிவாக இருக்கவில்லை என்பதால் அந்தப் பொலிஸாருக்குப் பொறுப்பிலிருந்து விலக்கும் அதே தீர்ப்பில் கிடைத்தது. கம்பத்தைப் பிடித்திருந்தவருக்குச் சட்டம் தெளிவானது அவர் இறந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

இத்தகைய கருவிகளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மை வாதம், துப்பாக்கியை விட இது மேல் என்பது. 1990 இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐக்கிய நாடுகள் அடிப்படைக் கோட்பாடுகளும் உயிர்பறிக்காத கருவிகளை உருவாக்கும்படி அரசுகளை ஊக்குவிக்கின்றன. ஆனால் அதே ஆவணம் அவற்றின் பயன்பாட்டைக் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது. வன்முறையற்ற கூட்டம் சட்டவிரோதமானதாகவே இருந்தாலும் அதைக் கலைக்கப் பலத்தைத் தவிர்க்க வேண்டும், முடியாதபோது மிகக் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கேதான் ஒப்பீட்டின் தவறு தெரியவருகிறது. நூலகத்தில் தரையில் கிடந்த மாணவரை எவரும் துப்பாக்கியால் சுட்டிருக்கப்போவதில்லை. கம்பத்தைக் கட்டிக்கொண்டவரையும் அப்படித்தான். அவர்கள் விடயத்தில் மின்னதிர்ச்சி துப்பாக்கியின் இடத்தைப் பிடிக்கவில்லை. பொறுமையின் இடத்தை, பேச்சின் இடத்தை, நாலு பேர் சேர்ந்து தூக்கிப்போகும் சிரமத்தின் இடத்தைப் பிடித்தது. ஒரு கருவி எதை விடக் குறைந்தது என்று கேட்பதோடு, அது எதற்குப் பதிலாக வந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

மலையகத்தில் இந்தக் கேள்வி, மின்சாரம் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளை எட்டிப்பார்க்காத காலத்திலேயே எழுந்துவிட்டது. இலங்கையின் பொலிஸ் கட்டளைச் சட்டம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கம். அதே ஆண்டின் 11 ஆம் இலக்கம் தொழில் ஒப்பந்தம் பற்றிய கட்டளைச் சட்டம். தோட்டத்தை விட்டுச் சொல்லாமல் போவதும் வேலைக்கு மறுப்பதும் இந்த இரண்டாவது சட்டத்தின்கீழ்ச் சிறைக்குரிய குற்றங்கள். கடனைக் கட்டாத வணிகர் மீது சிவில் வழக்கு. மலைக்கு ஏறாத கூலியாள் மீது குற்றவியல் வழக்கு. கடன் தீர்ந்ததற்கான துண்டு கையில் இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. வேலை மறுப்பைக் குற்றமாக்கிய விதிகளும் அந்தக் காலத்திலேயே தளர்ந்தன. ஆனால் பழக்கம் சட்டத்தோடு சேர்ந்து ஒழிவதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பது, கங்காணி பெயர் வாசிப்பது, துரை வந்ததும் தலைத்துணியை இறக்குவது, பிந்தி வந்தவர் லயத்துக்குத் திருப்பியனுப்பப்படுவது என்று பணிவே அங்கே நாளின் முதல் வேலை. எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடும் கணக்கும் அதன் தொடர்ச்சி. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் வெறுமனே நின்றுகொண்டிருந்தாலே அது கலகமாகத் தெரியும்.

1937 இல் நடந்த ஒரு மறுப்பு நீதிமன்றத்தில் முடிந்தது. மடுல்கெலைக்கு அருகே ரெலுகஸ் தோட்டத்தில் சின்னத் துரையாகப் பயிற்சி பெற வந்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில். தொழிலாளர் பக்கம் சாய்ந்து லங்கா சமசமாஜக் கட்சி மேடைகளில் பேசினார். ஆளுநர் அவரை நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். அவர் போக மறுத்துத் தலைமறைவானார். பிறகு கைதானபோது ஆட்கொணர்வு மனு தாக்கலானது. ஆளுநருக்கு அப்படி உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சூழ்நிலையில் இல்லை என்று உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மறுப்பவரை என்ன செய்வது என்று யோசிக்குமுன், கட்டளை சட்டப்படி செல்லுமா என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது. அந்தப் பாடம் ஒரு வெள்ளைக்காரருக்கு எளிதாகக் கிடைத்தது என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1940 ஜனவரி 10 அன்று, ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பொலிஸார் எதிர்கொண்டபோது கோவிந்தன் என்ற தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தம் அது. விசாரணை ஆணைக்குழு அமைந்தது. கோவிந்தனின் மனைவி சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்கு விடயத்தில் பொலிஸ் மா அதிபருக்கு அறிவுறுத்தும் உரிமை உள்நாட்டு அமைச்சருக்கு உண்டா, ஆளுநர் அதில் குறுக்கிடலாமா என்ற தகராறு வளர்ந்து, அமைச்சர் சபையே பதவி விலகும் அளவுக்குப் போனது. அரசியல் சாசன வரலாற்று நூல்களில் முல்லோயா இந்தப் பதவி விலகலுக்காக நினைக்கப்படுகிறது. கோவிந்தன் அங்கே ஓர் அடிக்குறிப்பாக வருகிறார். தோட்டத் தொழிற்சங்க நினைவில் வரிசை தலைகீழ். மலையகத் தியாகிகள் பட்டியலில் முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது.

1976 நவம்பரில் மலையகத்தின் வாசலில் இருக்கும் பேராதனை வளாகத்துக்குள் பொலிஸ் புகுந்தது. வீரசூரிய என்ற மாணவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அடுத்த மே 11 அன்று தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் அதேபோல் இறந்தார். நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டிருந்தனர். வளாகமும் தோட்டமும் ஆறு மாத இடைவெளியில் ஒரே அனுபவத்தைப் பெற்றன. ஒன்றில் சிங்களப் பிள்ளைகள், மற்றதில் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு இடத்திலும் கூட்டம் கலையவில்லை என்பதிலிருந்து கூட்டம் தாக்கவருகிறது என்ற முடிவுக்குத் தாவும் தூரம் மிகக் குறுகியதாக இருந்தது.

அரசின் தண்டம் என்றால் என்ன, அது எதற்கு என்று இந்திய மரபு நெடுங்காலம் யோசித்திருக்கிறது. தண்டம் இல்லாவிட்டால் வலியவர் எளியவரை விழுங்குவர் என்பது மனுதர்ம சாத்திரமும் அர்த்தசாத்திரமும் பகிரும் அடிப்படை. முறையின்றி எடுத்த தண்டம் எடுத்தவனையே சுற்றத்தோடு அழிக்கும் என்ற எச்சரிக்கையையும் மனு சேர்க்கிறார். வள்ளுவர் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கொலைகாரரைக் களைபோல் நீக்கச் சொன்ன அவரே, ஓங்கும்போது கடுமையாகத் தோன்றினாலும் அடி மென்மையாக விழட்டும் என்கிறார். தண்டனையின் நோக்கம் குற்றம் மீண்டும் நிகழாமல் தடுப்பது, அதுவும் தக்கபடி ஆராய்ந்த பிறகே. மின்னதிர்ச்சித் துப்பாக்கியை இந்த அளவுகோலில் வைத்தால் ஒன்று புலப்படும். அது ஓங்குவதற்கும் விழுவதற்கும் இடையில் ஆராய்வுக்கு நேரம் வைப்பதில்லை. விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. கட்டளை மீறப்பட்ட அதே கணத்தில் வலி வந்துவிடுகிறது. சட்டப்படி இது தண்டனை இல்லை, கைதுக்கான வழிமுறை மட்டுமே என்று சொல்லலாம். தரையில் கிடப்பவருக்கு அந்த வேறுபாடு விளங்குவது கடினம்.

மறுப்பவரைப் பற்றித் தமிழ்ச் சைவம் சொல்லும் முதன்மையான கதை அப்பருடையது. சமண சமயத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பிடித்துவரப் பல்லவ மன்னன் அமைச்சரை அனுப்புகிறான். தாம் எவருக்கும் குடியல்ல என்று அவர் மறுக்கிறார். பெரிய புராணம் இதன் பிறகு சொல்வதைப் பலரும் கவனிப்பதில்லை. அமைச்சர் பணிந்து கேட்க, வருவதைச் சிவன் பார்த்துக்கொள்வான் என்று அவர் கூடவே நடந்து போகிறார். கதவை அடைக்கவில்லை, கல்லெடுக்கவில்லை, ஓடவும் இல்லை. நீற்றறையில் அடைக்கிறார்கள், நஞ்சு கொடுக்கிறார்கள், யானையை ஏவுகிறார்கள், கல்லோடு பிணைத்துக் கடலில் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் உடலை அரசன் கைகளில் விட்டுவிடுகிறார், சம்மதத்தை மட்டும் தருவதில்லை. கடலூர்ப் பக்கம் அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் ஊர் இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றே அழைக்கப்படுகிறது.

உடலை நகர்த்துவதும் மனத்தை வளைப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பது இக்கதையில் கூர்மையாகத் தெரிகிறது. நாலு பொலிஸார் ஒருவரைக் கைகால் பிடித்துத் தூக்கிப் போனால், அவர் உடல் போகிறது, அவருடைய இல்லை என்ற சொல் அப்படியே நிற்கிறது. வலி கொடுத்து எழுந்து நட என்றால், நடப்பவர் அவரே. அவருடைய கால்களையே அவருக்கு எதிராகத் திருப்பும் வேலை அது. வெளியே பார்த்தால் இரண்டாவது மென்மையாகத் தெரியும். யாரும் இழுக்கவில்லை, அவரே எழுந்து போனார் என்று அறிக்கையில் எழுதலாம். உள்ளே அது முதலாவதை விட ஆழமாக ஊடுருவுகிறது. சித்திரவதையைப் பற்றி எழுதிய தத்துவவாதிகள் பலரும் வெவ்வேறு சொற்களில் இதைத்தான் சொன்னார்கள்: வலியில் இருப்பவரைத் தம்மையே காட்டிக்கொடுக்க வைப்பதுதான் அதன் தனித்தன்மை. நூலகத்து 5 விநாடியும் நிலவறைச் சித்திரவதையும் ஒன்று என்று சொல்வது மிகை. ஆனால் இரண்டும் ஒரே பாதையில் இருக்கின்றன, தூரம்தான் வேறு.

அரசியலமைப்பின் 9 ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் நாட்டில், பௌத்த நூல்கள் இதைப்பற்றிச் சொல்வது வெறும் ஏட்டு விடயம் ஆகாது. தம்மபதத்தின் பத்தாம் பகுதிக்குத் தண்ட வர்க்கம் என்று பெயர். தண்டத்துக்கு அஞ்சாத உயிர் இல்லை, தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார் என்பது அதன் தொடக்கக் கருத்து. சக்கரவர்த்தி எனப்படும் அறவேந்தன் தண்டமும் ஆயுதமும் இன்றி ஆள்பவன் என்று சுத்தங்கள் எனப்படும் பௌத்த உரைகள் வருணிக்கின்றன. இவை இலட்சியங்கள், எந்த அரசும் எட்டாதவை என்று ஒதுக்கலாம். தீக நிகாயத்தின் கூடதந்த சுத்தத்தை அப்படி ஒதுக்குவது சிரமம், ஏனெனில் அது நிர்வாக ஆலோசனை. நாட்டில் கொள்ளை பெருகியிருக்கிறது. கொன்றும் கட்டியும் அபராதம் விதித்தும் அடக்கலாமா என்ற யோசனைக்கு அரசனின் புரோகிதர் மறுப்புச் சொல்கிறார். அப்படி அடக்கினால் மிஞ்சுபவர் மறுபடியும் தொல்லை தருவர். உழவருக்கு விதையும் வணிகருக்கு முதலும் பணியாளருக்கு உணவும் கூலியும் கொடு, அவரவர் தொழிலில் ஈடுபடுவர், கலவரம் அடங்கும் என்கிறார். முல்லோயாவில் கேட்டது கூலி உயர்வு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த ஆலோசனையில் கூலிக்குத் தனி இடம் இருக்கிறது, துப்பாக்கி ஏந்திய பொலிஸாருக்கு இல்லை.

பௌத்தம் இன்னொன்றையும் தருகிறது. வினை என்பது எண்ணம். ஒரே செயல் எந்த எண்ணத்தோடு செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் தரம் மாறும். பாய்ந்து வருபவரைத் தடுக்க முள்ளெய்யும் பொலிஸ்காரரின் எண்ணம் தடுப்பது, வலி உடன்விளைவு. முனையை உடலில் வைத்து அழுத்துபவருக்கு வலியே வழி. அது இல்லாவிட்டால் அவர் செய்தது பயனற்றது. இந்த எண்ணம் அவருடைய கோபத்திலிருந்து வரத் தேவையில்லை. கருவியின் அமைப்பிலேயே அது செதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, நல்ல மனிதர் கையிலும் அது அப்படித்தான் வேலை செய்யும். தோட்டங்களில் கணிசமாக இருக்கும் கிறிஸ்தவரிடம் இதே இழுபறி வேறு வடிவில் உண்டு. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவும், அதிகாரி வீணாக வாளேந்துவதில்லை என்று எழுதிய பவுலும் ஒரே புத்தகத்தில் இருக்கிறார்கள். 1972 இல் கண்டியில் சத்தியோதய நிறுவனத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் போன்றோர் தோட்ட மக்களின் உரிமைக்காகப் பேசியபோது முதலாமவர் பக்கமே நின்றனர்.

மலையகத்தின் சொந்த விடை 1986 இல் வந்தது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியிருந்தது. 1952 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது, பலன் இல்லை. 1964 இலும் 1974 இலும் இந்தியாவோடு செய்த ஒப்பந்தங்கள் மக்களை இரு நாடுகளுக்கும் எண்ணிக்கைப்படி பிரித்தன. அதற்குப் பிறகும் ஒரு பகுதியினர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லை. சௌமியமூர்த்தி தொண்டமான் தலைமையிலான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், 1986 தைப்பொங்கல் நாளில் பிரார்த்தனை இயக்கத்தைத் தொடங்கியது. காலையில் பெரட்டுக்குப் போக வேண்டிய நேரத்தில் கோயிலில் கூடி நண்பகல்வரை வழிபடுவது, பிறகு வேலைக்குப் போவது. வேலைநிறுத்தம் என்ற பெயர் இல்லை. முழக்கம் இல்லை, வீதி மறியல் இல்லை. தொண்டமான் அப்போது அமைச்சர் என்பதும், அவருடைய சங்கத்தினரே அவர் அங்கம் வகித்த அரசுக்கு எதிராகக் கும்பிட்டுக்கொண்டிருந்தனர் என்பதும் மலையக அரசியலுக்கே உரிய விசித்திரம்.

தேயிலையின் இயல்பு இந்த வழிபாட்டுக்கு வலுச் சேர்த்தது. ஒரு மலையில் கொழுந்தை ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். நாள் தள்ளினால் முற்றி, தேயிலை ஆலையான ஸ்டோருக்கு ஆகாத இலையாகிவிடும். காலையில் எடுக்காத கொழுந்தை மாலையில் இரட்டிப்பாக எடுக்கவும் முடியாது. மாரியம்மன் முன் கற்பூரம் எரியும் ஒவ்வொரு மணி நேரமும் துரைமாரின் கணக்கில் விழுந்தது. இனி அரசு என்ன செய்யும்? கல்லெறியும் கூட்டத்தைக் கலைக்கப் பொலிஸுக்குப் பழக்கம் உண்டு. சாமி கும்பிடும் பெண்களைக் கோயிலிலிருந்து இழுத்துப்போக எந்தச் சிங்கள, தமிழ், முஸ்லிம் பொலிஸ்காரருக்கும் கை வராது. சில நாட்களிலேயே அரசு உடன்பட்டது. அவ்வாண்டின் நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தால் 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் இலங்கைக் குடியுரிமைக்கு வழி திறந்தது. இது உண்மையான பக்தியா, உத்தியா என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தனர். கோயிலில் இருந்தவர்களிடம் இரண்டும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன என்பதே நியாயமான விடை. அப்பர் பாடியதும் அப்படித்தான்: அது தோத்திரமாகவும் இருந்தது, அரசனுக்கு மறுப்பாகவும் இருந்தது.

எதிர்வாதம் வலுவற்றதல்ல. பொலிஸ் சொல்வதை விரும்பியவர் கேட்கலாம், விரும்பாதவர் உட்கார்ந்திருக்கலாம் என்றால் எந்தப் பொது இடமும் நடக்காது. சட்டமறுப்பைப் புனிதமாக்கினால் அது காந்தியின் கையில் மட்டும் நிற்காது, இனவாதக் கும்பலும் வீதியில் உட்கார்ந்து அதே சலுகையைக் கேட்கும். தூக்கிப் போவதிலும் ஆபத்து உண்டு. தளர்ந்த உடலை இழுக்கும்போது தோள் நழுவலாம், தலை படியில் அடிபடலாம், பொலிஸ்காரரின் முதுகும் பிடிக்கலாம். ஐந்து விநாடி வலி இவற்றைவிடக் குறைந்த கேடு என்று கணக்குப் போடுபவர் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் கணக்கு காயங்களை மட்டுமே எண்ணுகிறது. தூக்கிப் போவதற்கு நாலு பேர் வேண்டும், நேரம் வேண்டும், பார்ப்பவர் முன் அதைச் செய்யும் துணிவு வேண்டும். இந்தச் செலவே அரசை இது தேவைதானா என்று யோசிக்க வைக்கிறது. செலவைக் குறைக்கும் கருவி யோசனையையும் குறைக்கிறது. பணிய மறுப்பவர் தம் துன்பத்தை ஏற்கத் தயார் என்ற காந்திய நிலைப்பாட்டையும் இங்கே பிழையாகப் பயன்படுத்துவது வழக்கம். அடியை ஏற்க ஒருவர் முன்வருவதால் அடிப்பவருக்கு உரிமை பிறந்துவிடாது.

இலங்கைச் சட்டம் இந்த வேறுபாடுகளில் சிலவற்றைக் காகிதத்தில் ஏற்கெனவே வைத்திருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 23 ஆவது பிரிவின்படி, ஒருவர் பலத்தோடு எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோ கைதுக்கு நியாயமாகத் தேவைப்படும் வழிகளைப் பயன்படுத்தலாம். உட்கார்ந்திருப்பது பலத்தோடு எதிர்ப்பதாகுமா என்பதை அது சொல்லவில்லை. 1978 அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை கூட்டம் கூடும் உரிமையையும் தொழிற்சங்க உரிமையையும் வழிபாட்டில் தம் சமயத்தை வெளிப்படுத்தும் உரிமையையும் குடிமகனுக்குத் தருகிறது. நாடற்ற நிரந்தர வதிவாளருக்கு இவை பத்தாண்டுக்கு மட்டும் நீட்டப்பட்டன. 1986 இல் கோயிலில் கூடியவர்களில் பலர் அந்தத் தவணைக் காலத்துக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தனர். சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் 11 ஆவது உறுப்புரையோ குடிமகன் என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. எந்த ஆளும் அதற்குள் அடங்குவார், அவசரகாலத்திலும் அதற்கு விதிவிலக்கு இல்லை.

1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையை 7 முதல் 10 ஆண்டுச் சிறைக்குரிய குற்றமாக்கியது. அதன் வரைவிலக்கணம் தகவல் பெறுவதற்காகவும் தண்டிப்பதற்காகவும் மட்டுமன்றி, ஒருவரை அச்சுறுத்தவோ நிர்ப்பந்திக்கவோ கொடுக்கும் கடும் வலியையும் சேர்த்துக்கொள்கிறது. எழுந்து நில் என்பதற்காகக் கொடுக்கும் மின்னதிர்ச்சி நிர்ப்பந்தம் என்ற பகுதியைத் தயக்கமின்றி நிறைவு செய்யும். கடும் வலி என்ற பகுதியில்தான் வழக்கு நிற்கும் அல்லது விழும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை காயத்தை எழுதும். முனை வைத்து அழுத்திய இடத்தில் சில நாட்களில் மறையும் இரண்டு சிவந்த புள்ளிகள் இருக்கலாம். 126 ஆவது உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதே காலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ நாள் சம்பளத்தில் வாழும் ஒருவருக்கு இதன் பொருள், ஒரு நாள் பேரை இழந்து ஹட்டனுக்குப் போய், புள்ளிகள் மறையுமுன் அவற்றை ஒரு வைத்தியரிடம் காட்டி எழுதி வாங்குவது.